கோடை வெப்பத்துக்கு எளிதில் இரையாவோர் யாவர்?

பங்குனி பிறந்ததும் வெயில் ஏறுவதும், சித்திரையில் அது முற்றுவதும், அக்கினி நட்சத்திர நாட்களில் உச்சத்தை அடைவதும் கிராம ஜனங்களுக்குப் புதிய விஷயங்களல்ல. மே மாதம் 4ஆம் தேதி வாக்கில் தொடங்கி 28ஆம் தேதி வாக்கில் முடியும் அந்நாட்களில், வீடு கட்டத் தொடங்குவதையும் கிணறு வெட்டுவதையும் பெரியோர் விலக்கி வைத்தது அனுபவத்தினால் விளைந்த அறிவேயாகும். ஆயினும், "பழகிய வெயில்தானே" என்னும் அலட்சியமும் அந்தப் பழக்கத்தினாலேயே உண்டாகிறது. வெள்ளம் வந்தால் ஊர் முழுவதும் கரையில் திரண்டு நிற்கிறது. தீப்பற்றினால் அனைவரும் குடத்துடன் ஓடிவருகின்றனர். வெப்பமோ ஓசையின்றி வந்து, ஒரு தெருவில் ஒரு வீட்டில் ஒருவரை மட்டும் கொண்டுபோகிறது. மறுநாள் அவ்வூரார், "வயதாகிவிட்டது, போய்விட்டார்" என்றோ, "மாரடைப்பு" என்றோ சொல்லி முடித்துவிடுகின்றனர்.

ஒரே காட்டில் மூவர் கடலைக் கொடி பிடுங்குகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். வெயில் ஒன்று, வேலை ஒன்று, நேரமும் ஒன்று. மாலையில் ஒருவர் சுகமாக வீடு திரும்புகிறார். மற்றொருவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. மூன்றாமவர் பிதற்றத் தொடங்கி, வரப்பில் நினைவிழந்து விழுகிறார். இது அவருடைய விதி என்று சொல்வது எளிது. ஆனால் விசாரித்துப் பார்த்தால், அவர் மூன்று நாட்களுக்கு முன்னர் வயிற்றுப்போக்கினால் படுத்திருந்தவர் என்பதும், இரத்தக் கொதிப்புக்காக மூத்திரத்தைப் பெருக்கும் மாத்திரை உட்கொள்பவர் என்பதும், இரண்டு மாதங்கள் மலைத் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு முந்தின நாள்தான் ஊர் வந்தவர் என்பதும், இரவெல்லாம் தகரக் கூரையின் கீழ் உறக்கமின்றிப் புரண்டவர் என்பதும் வெளிப்படும். இந்நான்கும் முன்னரே அறியக்கூடியவை, அறிந்திருந்தால் தடுக்கக்கூடியவை. இவ்விதமான காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேகத்தின் வரவு செலவு

சங்க அங்கத்தினர்கள் வரவு செலவுக் கணக்கை அறிந்தவர்கள். வெப்ப விஷயத்தில் மனித தேகமும் அவ்விதமான கணக்கு ஒன்றை வைத்து நடத்துகிறது. தேகத்தின் உள் உஷ்ணம் ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸ், அதாவது 98.6 டிகிரி பாரன்ஹீட். வெளியில் பனியானாலும் வெயிலானாலும் இவ்வளவு சிறிதே ஏறி இறங்குகிறது. வரவும் செலவும் சரியாக இருக்கும் வரையில்தான் இது சாத்தியம்.

வரவு இருவகைப்படும். ஒன்று, தேகம் தானே உண்டாக்குவது. உண்ட உணவு தசைகளில் சக்தியாக மாறும்போது, அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் மண்வெட்டியை உயர்த்தவும் மூட்டையைச் சுமக்கவும் பயன்படுகிறது, எஞ்சியதெல்லாம் வெப்பமாகிவிடுகிறது. ஆகையால் வேலை கடினமாக ஆக, உள்ளே மூளும் அடுப்பும் பெரிதாகிறது. மற்றொன்று, சூரியனிடமிருந்தும், காய்ந்த தரை, சுவர், கூரை ஆகியவற்றிலிருந்தும், சூடேறிய காற்றிலிருந்தும் வந்து சேருவது.

செலவும் இருவகையே. இருதயம் உள்ளே சூடேறிய இரத்தத்தைத் தோலுக்கு அனுப்ப, தோல் அவ்வெப்பத்தை வெளிக்காற்றில் விடுவது முதல் வகை. தோலைவிடக் காற்று குளிர்ந்திருக்கும்போதுதான் இது நடைபெறும். காற்றின் உஷ்ணம் 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் இவ்வழி அடைபடுவது மாத்திரமன்றி, செலவாக வேண்டியது வரவாகவே மாறிவிடுகிறது. அப்போது எஞ்சியிருப்பது இரண்டாவது வழியாகிய வியர்வை ஒன்றே. ஒரு லிட்டர் வியர்வை தோலின்மேல் முற்றிலும் உலருமானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். உலராமல் வழிந்து தரையில் விழும் வியர்வையினால் தேகம் குளிர்வதில்லை. நீரும் உப்பும் நஷ்டமாவதே மிச்சம்.

காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை உலர்வதில்லை. ஆகையினால்தான் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் 37 டிகிரி வெயில், வேலூரில் 40 டிகிரி வெயிலைப் போலவே வருத்துகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையாரும் வெப்ப அலை என்று அறிவிப்பதற்குச் சமவெளியில் 40 டிகிரியையும் கடற்கரையில் 37 டிகிரியையும் குறைந்த எல்லைகளாகக் கொண்டு, வழக்கமான அளவுக்கு மேல் 4.5 டிகிரியாவது மிகுந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கின்றனர்.

கணக்கு நஷ்டத்தில் முடியும்போது

வரவு மிகுந்து செலவு குறையுமாயின், முதலில் தசைப்பிடிப்பு, தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், மிகுந்த களைப்பு முதலியவை தோன்றும். இந்நிலையில் நிழலும் நீரும் ஓய்வும் கிடைத்தால் பெரும்பாலோர் தேறிவிடுவர். கிடைக்காவிட்டால் உள் உஷ்ணம் 40 டிகிரிக்கு மேல் ஏறி, மூளை கலங்கிவிடும். நோயாளி பிதற்றுவார், கேட்டதற்குப் பொருந்தா விடை கூறுவார், வலிப்புக் காணலாம், நினைவிழப்பார். டாக்டர்கள் ஹீட் ஸ்ட்ரோக் என்று கூறும் வெப்பத் தாக்கு இதுவே. இருதயம், ஈரல், சிறுநீரகம் ஆகியவையும் கெட்டு, சில மணி நேரத்தில் மரணம் நேரக்கூடும்.

இது இருவிதமாக வரும் என்பது கவனிக்கத்தக்கது. வெயிலில் பாடுபடும் திடகாத்திரரை ஓரிரு மணி நேரத்தில் வீழ்த்துவது ஒருவிதம். வீட்டுக்குள்ளேயே இருக்கும் முதியோரையும் நோயாளிகளையும் இரண்டு மூன்று நாட்களில் சிறிது சிறிதாக வாட்டி மாய்ப்பது மற்றொரு விதம். வெயிலில் போகாதவருக்கு வெப்பத்தினால் தீங்கில்லை என்னும் எண்ணம் தவறானது. கனடா தேசத்துப் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2021ஆம் வருஷம் கோடையில் வந்த வெப்பத்தினால் 619 பேர் இறந்தனர். அவர்களுள் 100க்கு 98 பேர் கூரையின் கீழ் இருந்தபோதே தாக்கப்பட்டவர்கள்.

வயது

முதியோருக்கு வியர்வைச் சுரப்பிகளின் வேலை குறைகிறது. தோலுக்குச் செல்லும் இரத்தமும் குறைகிறது. தேகத்தில் நீர் வற்றியிருந்தாலும் தாகம் தெரிவதில்லை. "எனக்குத் தாகமில்லை" என்று அறுபத்தைந்து எழுபது வயதானவர் கூறுவதைக் கொண்டு அவருக்கு நீர் வேண்டியதில்லை என்று முடிவு செய்யலாகாது. கேளாமலே நேரந்தோறும் கொடுக்க வேண்டும்.

சிசுக்களின் தேகம் சிறிதாகையால் வெளி வெப்பம் விரைவில் உட்புகும். தண்ணீர் கேட்கவும், போர்த்திய துணியை விலக்கவும், நிழலுக்கு நகரவும் அவற்றால் இயலாது. வெயிலில் நிறுத்திய மோட்டார் வண்டிக்குள் குழந்தையைச் சிறிது நேரமேனும் விட்டுச் செல்லுதல் உயிருக்கே கேடாகும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்குத் தண்ணீர் தராமல் தாய்ப்பாலையே அடிக்கடி கொடுத்தல் வேண்டும்; தாய் போதிய நீர் பருக வேண்டும்.

கர்ப்பிணிகளின் தேகம் இருவருக்கான வெப்பத்தைச் செலவிட வேண்டியிருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தார் 2017ஆம் வருஷத்தில் தொடங்கி, தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைக் கவனித்து நடத்திய ஆராய்ச்சியில், கடும் வெப்பத்தில் வேலை செய்தோருக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறத்தலும் நேரும் அபாயம் இருமடங்கு வரை மிகுந்திருப்பதாகக் கண்டனர். வயலிலும் சூளையிலும் உப்பளத்திலும் கர்ப்பிணிகள் மாதம் முதிரும் வரை வேலை செய்வது சகஜமாக இருக்கும் இந்நாட்டில் இது அற்ப விஷயமன்று.

நோயும் மருந்தும்

தோலுக்கு இரத்தத்தை அனுப்பும் பாரம் முழுவதும் இருதயத்தின்மேல் விழுகிறது. ஆகையால் இருதய நோயாளிகளுக்குக் கோடை, ஏற்றமான மலைப் பாதை போன்றது. நீரிழிவு, சிறுநீரக நோய், சுவாச நோய், பக்கவாதம், மிகுந்த பருமன் ஆகியவையும் அபாயத்தைப் பெருக்குகின்றன. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்டு எழுந்தவர் சில நாட்கள் வெயில் வேலைக்குப் போகாதிருத்தல் நன்று. முன்னொரு முறை வெப்பத் தாக்கினால் வருந்தியவரும் தனிக் கவனத்துக்கு உரியவர்.

மருந்துகளைப் பற்றிப் பலரும் அறியார். மூத்திரத்தைப் பெருக்கும் மாத்திரைகள் தேகத்தின் நீரைக் குறைக்கின்றன. இரத்தக் கொதிப்புக்கும் இருதயத்துக்கும் கொடுக்கப்படும் சில மாத்திரைகள் இருதயத் துடிப்பு வேண்டிய அளவு விரைவதைத் தடுக்கின்றன. மனோவியாதிக்கும், நடுக்குவாதத்துக்கும், சளி அரிப்பு முதலியவற்றுக்கும் கொடுக்கப்படும் மருந்துகளில் சில வியர்வையையே அடக்கிவிடுகின்றன. பிரிட்டிஷ் கொலம்பியாவில் இறந்தோரை ஆராய்ந்தபோது, ஸ்கிஸோஃப்ரினியா என்னும் மனோவியாதி உடையவர்கள் மிகுதியாக மாண்டிருப்பது தெரியவந்தது. அந்நோயினர் தம் துன்பத்தைத் தாமே உணர்ந்து சொல்ல மாட்டார். மருந்தும் வியர்வையைத் தடுக்கும். பெரும்பாலும் தனித்தும் இருப்பர். இதனால் எவரும் மருந்தைத் தாமாக நிறுத்திவிடலாகாது. அது வேறு கேட்டுக்கு வழியாகும். கோடை தொடங்குமுன் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் மாத்திரைகளைக் காட்டி, அளவைப் பற்றிக் கேட்டறிவதே முறை. நீர் குறைத்துப் பருகுமாறு முன்னரே சொல்லப்பட்டிருக்கும் இருதய, சிறுநீரக நோயாளிகளும் அவ்விதமே கேட்க வேண்டும். சிறுநீரகம் பழுதடைந்தோர் டாக்டரைக் கேளாமல் இளநீர் பருகுவதும் தகாது.

மது தேகத்தின் நீரை மூத்திரமாக வெளியேற்றுவதுடன், ஆபத்தை அறியும் புத்தியையும் மங்கச் செய்கிறது. முந்தின இரவு குடித்தவர் மறுநாள் காலையில் வேலைக்கு வரும்போதே கடனாளியாக வருகிறார் என்று கொள்ளலாம்.

பழக்கமின்மை

வெயில் பழகும் என்பது உண்மையே. ஆனால் பழகுவதற்கு ஒன்று முதல் இரண்டு வாரங்கள் வேண்டும். நாள்தோறும் சிறிது சிறிதாக வெயிலில் வேலை செய்துவருபவருக்கு வியர்வை முன்னதாகவே அரும்புகிறது, மிகுதியாகவும் சுரக்கிறது, அதில் கலந்து போகும் உப்பு குறைகிறது, இருதயத் துடிப்பும் நிதானப்படுகிறது. ஒரு வாரம் விலகியிருந்தாலே இந்தச் சேமிப்பு கரையத் தொடங்கி, ஒரு மாத காலத்தில் ஏறக்குறைய நீங்கிவிடுகிறது.

அமெரிக்க தேசத்துத் தொழிலாளர் பாதுகாப்பு இலாகாவார் கண்டபடி, வேலைத் தலங்களில் வெப்பத்தினால் நேரும் மரணங்களில் ஏறக்குறைய பாதி, வேலைக்கு வந்த முதல் நாளிலேயே நேருகின்றன. 100க்கு 70க்கு மேற்பட்டவை முதல் வாரத்துக்குள் நேருகின்றன. ஆகையால் புதிய ஆளை முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரமும், அடுத்த ஒவ்வொரு நாளும் மேலும் ஐந்தில் ஒரு பங்கு நேரமும் கூட்டி வெயில் வேலைக்கு விட வேண்டுமென்பது நிபுணர்களின் ஏற்பாடு. நோயிலிருந்து எழுந்தவரும், வெளியூரிலிருந்து திரும்பியவரும், பள்ளி விடுமுறையில் தகப்பனாருக்கு உதவியாக வரும் பிள்ளையும் புதிய ஆட்களாகவே மதிக்கத் தக்கவர்கள். பங்குனியில் எதிர்பாராமல் வரும் முதல் வெப்ப அலை, வைகாசியில் வரும் அதே அளவான வெப்பத்தைவிடக் கொடியது என்பதற்கும் காரணம் இதுவே.

வேலையும் கூலியும்

வயல் வேலை, செங்கற் சூளை, உப்பளம், கல் உடைத்தல், சாலை போடுதல், கட்டிட வேலை, சுமை தூக்குதல் ஆகியவற்றில் வெளி வெப்பமும் உள் வெப்பமும் ஒருங்கே சேருகின்றன. இவற்றில் பெரும்பாலும் அளவுக் கூலியே வழக்கம். இத்தனை கல்லுக்கு இவ்வளவு, இத்தனை மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருக்கையில், நிழலில் ஒதுங்கும் ஒவ்வொரு நிமிஷமும் கூலியில் குறைகிறது. தலை சுற்றுவதை அறிந்தும் வேலையை விடாதவரை முட்டாள் என்று கூறுவது நியாயமன்று. அன்றைய அரிசிக்கு அவர் தேகத்தையே ஈடு வைக்கிறார்.

பெண்களுக்கு மற்றொரு இடர் உண்டு. வேலை செய்யும் இடத்தில் மறைவிடம் இல்லாமையால், அவர்களுள் பலர் காலை முதல் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கின்றனர். இதனால் வெப்பத் தாக்கு மாத்திரமன்றி மூத்திரக் கடுப்பும் சிறுநீரகக் கோளாறும் உண்டாகின்றன. குடத்தில் தண்ணீர் வைத்துவிட்டோம் என்று வேலை கொடுப்பவர் திருப்தியடைந்தால் போதாது. அதைக் குடிக்கக்கூடிய நிலைமையும் இருக்க வேண்டும்.

வீடு

பகலில் பட்ட வெப்பத்தை இரவில் தேகம் செலவிட்டுக் கணக்கைச் சரிசெய்துகொள்ளுகிறது. இரவிலும் வீடு குளிராவிட்டால் பாக்கி மறுநாளைக்குச் செல்கிறது. மூன்றாம் நாள் அது தாங்கக்கூடாத தொகையாகிறது. வெப்ப அலையின் முதல் நாளைவிடப் பிந்திய நாட்களில் மரணங்கள் மிகுவதற்கு இது ஒரு காரணம்.

கீற்றுக் கூரையும் மண் சுவரும் இருந்த இடங்களில் தகரமும் சிமெண்டுத் தகடும் வந்துவிட்டன. தீக்கும் மழைக்கும் அவை நல்லவை, வெயிலுக்கு நல்லவையல்ல. மொட்டைமாடியின் கீழுள்ள அறையும் அவ்விதமே. குஜராத்து மாகாணத்து ஆமதாபாத் நகரில் 2010ஆம் வருஷம் மே மாதத்தில் வெப்பம் 46.8 டிகிரியை எட்டியது. அம்மாதத்தில் வழக்கத்துக்கு மேற்பட்டு 1,344 பேர் அந்நகரில் இறந்தனர். அங்குள்ள ஒரு மருத்துவமனையில் பிரசவ விடுதி மேல்மாடியில் இருந்தது. அதைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிய பின்னர், வெப்பத்தினால் வருந்தும் பச்சிளங் குழந்தைகளின் தொகை குறைந்தது. மருந்தொன்றுமின்றி, இடத்தை மாற்றியதனால் மாத்திரம் உயிர்கள் தப்பின. அந்நகரத்தார் 2013ஆம் வருஷத்தில் வகுத்த வெப்பத் தடுப்புத் திட்டம் தெற்காசியாவிலேயே முதலாவதாகும்.

தனிமை

மேற்கூறியவை யாவும் தேகத்தையும் இருப்பிடத்தையும் சார்ந்தவை. எஞ்சிய காரணமோ மனித உறவைச் சார்ந்தது. 1995ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் அமெரிக்க தேசத்துச் சிகாகோ நகரில் சில நாட்களே நீடித்த வெப்பத்தினால் 700க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆராய்ச்சியாளர் இறந்தோரையும், அதே பகுதியில் அதே வயதில் உயிர் தப்பியோரையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். படுக்கையில் கிடந்த நோயாளிகளும், தனியே வசித்தோரும், நாள்தோறும் வீட்டை விட்டு வெளியே வராதோரும், மேல்மாடியில் குடியிருந்தோரும் மிகுதியாக இறந்திருந்தனர். அண்டையில் சிநேகிதர் இருந்தோருக்கும், பலர் கூடும் காரியங்களில் கலந்துகொண்டோருக்கும் அபாயம் குறைந்திருந்தது.

கூட்டுறவாளர் இம்முடிவை ஊன்றி நோக்க வேண்டும். ஒருவர் வராவிட்டால் "ஏன் வரவில்லை?" என்று கேட்க நால்வர் இருப்பதே ஓர் உயிர்க்காப்பு. பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைப்புக்குச் சென்றுவிட, வயது சென்ற தாயோ தகப்பனோ தனியே வசிக்கும் வீடுகள் இந்நாளில் கிராமந்தோறும் இருக்கின்றன.

காரணங்கள் ஒன்றோடொன்று கூடுதல்

இக்காரணங்களில் ஒன்று மாத்திரம் இருப்பவர் பெரும்பாலும் தப்பிவிடலாம். இரண்டும் மூன்றும் ஒருவரிடத்தில் சேரும்போதுதான் அபாயம் பெருகுகிறது. முதியவர் என்பது ஒன்று; முதியவரும் நீரிழிவினரும் என்பது இரண்டு; அவரே தகரக் கூரையின் கீழ்த் தனியே இருப்பாராயின் நான்கு. சங்கத்தில் கடன் கொடுக்குமுன் நிர்வாக சபையார் அங்கத்தினருடைய நிலம், வருமானம், பழைய பாக்கி, ஜாமீன் ஆகியவற்றைத் தனித்தனியே பாராமல் ஒருங்கே சேர்த்துப் பார்க்கின்றனர் அல்லவா? வெப்பத்துக்கும் அவ்விதமே கணக்கிட வேண்டும்.

சங்கத்தார் செய்யக்கூடியவை

2024ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் வெப்ப அலையை மாநிலப் பேரிடர்களுள் ஒன்றாக அறிவித்து, அதனால் இறப்போரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்க ஏற்பாடு செய்தனர். இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் நிவாரணம் வருவது மரணத்துக்குப் பின்னர். மரணத்துக்கு முன் செய்யக்கூடியவை கிராமத்தாரின் கையிலேயே இருக்கின்றன.

முதலாவதாக, பங்குனி முடிவதற்குள் ஒரு ஜாபிதா எழுத வேண்டும். அங்கத்தினர் ரிஜிஸ்தர் சங்கத்தில் இருக்கிறது. யார் வீட்டில் முதியோர், படுக்கை நோயாளி, கர்ப்பிணி, கைக்குழந்தை, மனோவியாதியினர் இருக்கின்றனர், யார் தனியே வசிக்கின்றனர் என்பதைக் காரியதரிசியும் தெருவுக்கு ஒருவரும் உட்கார்ந்தால் ஒரு மாலையில் எழுதிவிடலாம். அங்கத்தினரல்லாத ஏழைகளின் வீடுகளை விட்டுவிடலாகாது. அபாயம் அங்கேதான் மிகுதி. நோயைப் பற்றிய செய்திகள் சம்பந்தப்பட்டவரின் சம்மதத்துடனேயே குறிக்கப்பட்டு, பிறர் அறியாமல் பாதுகாக்கப்பட வேண்டும்.

இரண்டாவதாக, வெப்ப அலை அறிவிக்கப்பட்ட நாட்களில் ஜாபிதாவிலுள்ள வீடுகளுக்குக் காலையிலும் மாலையிலும் ஒருவர் சென்று வர வேண்டும். பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு இருவேளையும் பால் வருகிறது. வழக்கமாக வரும் கிழவி ஒரு வேளை வராவிட்டால், பால் அளப்பவருக்கே அது முதலில் தெரியும். அவர் ஒரு பையனை அனுப்பி விசாரித்தால் போதும்.

மூன்றாவதாக, வேலை நேரத்தை மாற்ற வேண்டும். விடியற்காலையில் தொடங்கிப் பதினோரு மணிக்கு நிறுத்தி, எஞ்சியதை மாலை நாலு மணிக்குப் பின்னர் செய்யலாம். வேலை கொடுப்போரில் பலர் சங்க அங்கத்தினர்களே. ஒருவர் மட்டும் நேரத்தை மாற்றினால் தமக்கு நஷ்டமென்று அஞ்சுவார். அனைவரும் பொதுக்கூட்டத்தில் கூடி ஒரே தீர்மானமாகச் செய்துகொண்டால் எவருக்கும் நஷ்டமில்லை. ஓய்வு நேரத்துக்குக் கூலி பிடிப்பதில்லை என்பதையும் அத்தீர்மானத்தில் சேர்க்க வேண்டும். இல்லாவிடில் ஓய்வு ஏட்டளவில் நின்றுவிடும்.

நான்காவதாக, வேலை செய்யும் இடத்தில் நிழலும், குடிநீரும், பெண்களுக்கு மறைவிடமும் அமைக்க வேண்டும். கடும் வேலையில் தாகத்தை எதிர்பாராமல் 20 நிமிஷத்துக்கு ஒரு தம்ளர் நீர் பருகுதல் நன்று. உப்பிட்ட நீர்மோரும், நீராகாரமும், கஞ்சியும் மிக உகந்தவை. சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறித்த அளவு நீரில் கரைத்துப் பருகலாம். அது இல்லாவிடில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டிய அளவாக, சேர்த்துக்கொள்ளலாம்.

ஐந்தாவதாக, வீட்டைக் குளிர்விக்க வேண்டும். மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தல், தகரக் கூரையின்மேல் தென்னங்கீற்றுப் பரப்புதல், பகலில் வெயில் விழும் ஜன்னல்களை மூடி இரவில் திறந்து வைத்தல் ஆகியவை சிறு செலவில் முடிபவை. மின்விசிறி 40 டிகிரிக்கு மேற்பட்ட காற்றைச் சுழற்றினால் தேகத்தைக் குளிர்விப்பதற்குப் பதிலாகச் சூடேற்றும். அந்நேரத்தில் தோலை நனைத்துக்கொள்வதே முக்கியம். சங்கக் கட்டிடமோ பள்ளிக்கூடமோ காற்றோட்டமாக இருக்குமாயின், பகல் நேரத்தில் அதை முதியோருக்குத் திறந்துவிடலாம்.

ஒருவர் விழுந்துவிட்டால்

வெயிலில் இருந்தவரோ, சூடான வீட்டில் இருந்தவரோ பிதற்றினாலும் மயங்கினாலும் அதை வெப்பத் தாக்கென்றே கொண்டு காரியம் தொடங்க வேண்டும். தேகம் வியர்த்திருக்கிறதே என்று ஏமாறலாகாது. பாடுபடும்போது தாக்கப்பட்டவருக்கு வியர்வை நிற்காமலும் இருக்கும். உடனே 108க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும் வரையில் காத்திராமல் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். நிழலில் கிடத்தி, மேலாடையைத் தளர்த்தி, தேகம் முழுவதும் தண்ணீரை ஊற்றி விடாமல் விசிற வேண்டும். பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் வைக்கலாம். பம்புசெட்டுத் தொட்டி அருகிலிருந்தால், நினைவோடிருக்கும் திடகாத்திரரைத் தலை நீருக்கு மேலிருக்குமாறு இருவர் தாங்கிப் பிடித்துக் கழுத்தளவு அமர்த்தலாம். நினைவற்றவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றலாகாது. அது மூச்சுக்குழலில் சென்று கொல்லும். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது. அரை மணி நேரத்துக்குள் உஷ்ணத்தை இறக்கிவிட்டால் பெரும்பாலோர் பிழைப்பர். ஆஸ்பத்திரி தூரமாக இருக்கும் கிராமத்தில் அந்த அரை மணி நேரம் முழுவதும் அருகிலிருப்போரின் பொறுப்பிலேயே இருக்கிறது.

"ஒவ்வொருவரும் எல்லோருக்காக, எல்லோரும் ஒவ்வொருவருக்காக" என்பது கூட்டுறவு இயக்கத்தின் மூலமந்திரம். கடன் கொடுப்பதற்கும் விளைபொருளை விற்பதற்கும் மாத்திரம் அது ஏற்பட்டதன்று. தகரக் கூரையின் கீழ்த் தனியே படுத்திருக்கும் கிழவியின் கதவை நண்பகலில் தட்டி, ஒரு செம்பு நீர்மோர் கொடுத்து, "பாட்டி, எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பதற்கும் அது ஏற்பட்டதே. அவ்வாறு கேட்பவர் இன்னின்னார், இன்ன தெருவுக்கு இன்னார் என்று வெயில் முற்றுமுன் எழுதி, சங்கக் கட்டிடத்துச் சுவரில் ஒட்டிவைக்கும் கிராமத்தில் வரும் கோடையில் ஓர் உயிராவது தப்பும்.